வார்டில் மாணவி யாருடைய பொறுப்பு?

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1860-ல் நைட்டிங்கேல் நிதியத்தின் பணத்தில் செவிலியர் பள்ளி தொடங்கியது. பயிற்சிக்கு வந்த ஒவ்வொரு பெண்ணைப் பற்றியும் அங்கே மாதம்தோறும் ஒரு தாள் நிரப்பப்பட்டது. நேரம் தவறாமை, அமைதி, நம்பகம், துப்புரவு என்று அதில் வரிசையாகக் கட்டங்கள். அந்தப் பெண்ணுக்கு வார்டு எப்படி இருந்தது என்று கேட்கும் கட்டம் மட்டும் இல்லை. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து நிலைமை தலைகீழானது. ஆஸ்திரேலியாவிலும் ஃபின்லாந்திலும் உருவான வினாப்பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு இன்று மாணவர்கள் வார்டுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். இந்தியச் செவிலியர் கல்லூரிகளின் முதுகலை ஆய்வேடுகளிலும் இவ்வகைப் பட்டியல்கள் புழங்குகின்றன.

வார்டு மாணவிக்கு எப்படி இருக்கிறது என்ற கேள்விக்குத் தேனி மாவட்டத்தில் இடம் பல. தேனிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவே க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அதை ஒட்டியே அரசு செவிலியர் கல்லூரி. மாவட்டத் தலைமை மருத்துவமனை பெரியகுளத்தில். போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று பள்ளத்தாக்கு நெடுக அரசு மருத்துவமனைகள், அவற்றைச் சுற்றி ஆரம்ப சுகாதார நிலையங்கள், தனியார் மருத்துவமனைகள். காலையில் கல்லூரி வண்டிகளிலிருந்து சீருடையில் இறங்கி வார்டுக்குள் போகும் மாணவர்களுக்கு அங்கே கிடைக்கும் பயிற்சி நிறைவு தருகிறதா? தருகிறது என்றால் எதனால்? தரவில்லை என்றால் குறை எங்கே?

இதற்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விடைகள் வந்திருக்கின்றன. ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிந்தாலும், ஒவ்வொரு விடையும் ஒரு விஷயத்தை வெளியே சொல்லாமல் முடிவுசெய்துகொண்டுதான் பேசுகிறது: வார்டில் நிற்கும் மாணவிக்குப் பொறுப்பு யார்?

வேலையே படிப்பு

முதல் விடை எளிமையானது. மருத்துவமனைதான் பள்ளி, வேலைதான் பாடம். நைட்டிங்கேல் பள்ளியின் வழியும் ஏறக்குறைய இதுதான். மிஷன் மருத்துவமனைகளின் வழியும் இதுதான். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-ல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடரின் மருத்துவமனை 1909-ல் தன் செவிலியர் பள்ளியைத் தொடங்கியது. படிக்க வந்தவர்கள் வார்டின் பணிப்பட்டியலில் பெயர் உள்ளவர்கள். அவர்கள் வராவிட்டால் அன்றைக்குப் படுக்கை விரிக்க ஆளில்லை. அதனால் மாணவி யாருடைய ஆள் என்ற குழப்பத்துக்கே அங்கே இடமில்லை.

இந்த முறையின் பலவீனமும் அதே இடத்தில்தான் இருந்தது. அமெரிக்காவில் 1923-ல் வெளியான கோல்ட்மார்க் அறிக்கை, மருத்துவமனையின் அன்றாடத் தேவையும் மாணவியின் கல்வியும் மோதும்போதெல்லாம் கல்விதான் தோற்கிறது என்பதை விரிவாகக் காட்டியது. கற்றுக்கொண்டு முடித்த வேலையையே மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்வது படிப்பாகாது என்றது. இந்தியாவில் சுகாதார நிலையை ஆராய்ந்து 1946-ல் வெளிவந்த போர் (Bhore) குழு அறிக்கை, பிரிக்கப்படாத நாடு முழுவதற்கும் சுமார் 7,000 செவிலியர்தான் இருந்ததைச் சுட்டி, அவர்களது பணிச்சூழலும் தங்குமிடமும் மோசமாக இருந்ததைப் பதிவுசெய்தது. அதே 1946-ல்தான் வேலூரிலும் டெல்லியிலும் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கியது. மாணவியை மருத்துவமனையின் கையிலிருந்து பல்கலைக்கழகத்தின் கைக்கு மாற்றும் நீண்ட வேலையின் தொடக்கம் அது.

பழைய முறை முழுதும் மறைந்துவிட்டதா என்றால், அதன் திருத்திய வடிவம் ஒன்று தேனியிலேயே இருக்கிறது. மதுரையில் 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் இரண்டாவது ஊர் தேனி, ஆண்டு 1985. கிராமங்களிலிருந்து பள்ளிப்படிப்பு முடித்த பெண்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்து, இரண்டு ஆண்டு உள்ளுக்குள்ளேயே பயிற்றுவித்து, பணியாளர்களாக வைத்துக்கொள்வது அரவிந்தின் பெயர்பெற்ற முறை. பார்வைப் பரிசோதனை, அறுவை அரங்கு, நோயாளி ஆலோசனை என்று ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனிப் பயிற்சி. அந்த நிறுவனத்தின் ஊழியர்களில் பெரும் பங்கு இவர்கள்தாம்; நாளொன்றுக்கு அத்தனை கண்புரை அறுவைச் சிகிச்சைகள் நடப்பதற்கு இவர்களது கைப்பழக்கம் ஒரு முக்கியக் காரணம் என்று அந்த மாதிரியை ஆராய்ந்த மேலாண்மைப் பேராசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

செவிலியர் கல்வியாளர்கள் இந்த ஒப்பீட்டை விரும்புவதில்லை. அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு: அது கண் மருத்துவத்துக்கே உரிய பயிற்சி, பொதுச் செவிலியர் பதிவுக்கு அது வழியல்ல, கற்ற திறன் ஒரு துறைக்குள் அடங்கிவிடுகிறது. ஆனாலும் ஒரு விஷயத்தில் அரவிந்தில் பயிலும் பெண்ணின் நிலை பட்ட மாணவியின் நிலையைவிடத் தெளிவானது. கற்றுக்கொடுப்பவர், வேலை வாங்குபவர், கேள்வி கேட்பவர் எல்லாரும் ஒரே நிறுவனத்தின் ஆட்கள்.

வார்டின் தட்பவெப்பம்

இரண்டாவது விடை இங்கிலாந்தில் 1980-களில் உருவானது. ஹெலன் ஆர்ட்டன் 1981-லும், மார்கரெட் ஓஜியர், ஜோன் ஃப்ரெட்வெல் ஆகியோர் 1982-லும் வெளியிட்ட ஆய்வுகள் ஏறத்தாழ ஒரே பக்கம் கை காட்டின. ஒரே மருத்துவமனையில், ஒரே பாடத்திட்டத்தின் கீழ், ஒரு வார்டு மாணவியை வளர்க்கிறது. அடுத்த வார்டு முடக்குகிறது. வேறுபாட்டுக்குக் காரணம் கட்டடமோ நோயாளிகளின் வகையோ அல்ல. அந்த வார்டின் பொறுப்புச் செவிலி. அவர் கேள்வி கேட்க இடம் கொடுத்தால் கீழே இருப்பவர்களும் இடம் கொடுக்கிறார்கள்.

கேத் மீலியாவின் 1987-ஆம் ஆண்டு நூல் இதற்கு இன்னும் கூர்மையான வடிவம் தந்தது. மாணவிகளை நீண்ட நேர்காணல்களில் பேசவைத்து அவர் கண்டது: அவர்கள் வார்டில் முதலில் கற்பது நோயாளியைப் பராமரிக்க அல்ல, வார்டோடு ஒத்துப்போக. எந்தச் சிஸ்டர் எப்போது என்ன எதிர்பார்ப்பார், வேலையில்லாத நேரத்திலும் வேலை செய்வதுபோல எப்படி இருப்பது என்பதெல்லாம்தான் உண்மையான முதல் பாடம். தாங்கள் இங்கே தங்க வந்தவர்கள் அல்ல, கடந்து போகிறவர்கள் என்ற உணர்வு அவர்கள் பேச்சு முழுக்க இருந்தது.

இந்தப் பின்னணியில்தான் பிரிட்டன் 1980-களின் இறுதியில் ப்ராஜெக்ட் 2000 திட்டத்தை ஏற்றது. மாணவர் ஊழியர் எண்ணிக்கையில் சேரமாட்டார். அவர் கூடுதல் ஆள், கற்க வந்தவர். பத்தே ஆண்டில் எதிர்க்குரல் எழுந்தது: பட்டம் வாங்கி வருபவர்களுக்குக் கை ஓடவில்லை. 1999-ல் அங்கே வெளியான மறுஆய்வு, செய்முறைத் திறனுக்குத் திரும்பவும் அழுத்தம் கொடுத்தது. வேலைக்காரியாக இருந்தபோது சுரண்டல், விருந்தாளியாக ஆனபோது அந்நியம். இந்த இரண்டுக்கும் நடுவேதான் இன்றைய விவாதம் முழுதும் ஓடுகிறது.

வார்டின் சூழலே எல்லாம் என்ற விடையைக் கம்பம் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவந்தால் ஓர் இடறல் வருகிறது. பொறுப்புச் செவிலிக்கு நேரம் இருக்க வேண்டும், வார்டில் நிலையாக நிற்கும் செவிலியர்கள் அவருக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதை அந்த ஆய்வுகள் இயல்பாக எடுத்துக்கொள்கின்றன. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக 2015 முதல் எடுக்கப்பட்ட செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலையைத் தொடங்கினார்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் நடத்திய போராட்டம் மாநிலம் அறிந்தது. கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்கள் 2022 டிசம்பர் கடைசியோடு விடுவிக்கப்பட்டபோது அடுத்த போராட்டம். தன் வேலையே அடுத்த ஆண்டு இருக்குமா என்று தெரியாத செவிலியிடம், கடந்துபோகும் மாணவிக்குக் கற்றுக்கொடுக்கவில்லை என்று குறைசொல்வது அவ்வளவு நேர்மையான வாதமாகப் படவில்லை.

கூட நிற்கும் ஒருவர்

மூன்றாவது விடை, வார்டு என்ற பெரிய அலகை விட்டுவிட்டு, மாணவிக்கு அருகில் நிற்கும் ஒருவரைத் தேடுகிறது. அளவுகோல்களின் காலமும் இதுவே. ஆஸ்திரேலியாவில் டொமினிக் சான் 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கிய பட்டியலில் 42 கூற்றுகள். மாணவர் நிறைவு அதில் ஒரு தனிப் பிரிவு. இப்போது இருப்பது எப்படி, இருக்க வேண்டியது எப்படி என்று இரண்டு முறை கேட்கும் அமைப்பு அதன் சிறப்பு. எதிர்பார்த்தபடியே, விரும்பியது எப்போதும் கிடைத்ததைவிட உயர்ந்தே நின்றது.

ஃபின்லாந்தில் மிக்கோ சாரிகோஸ்கியும் ஹெலேனா லெய்னோ-கில்பியும் 2002-ல் வெளியிட்ட அளவுகோல் இன்னும் பரவலாகப் போனது. 2008-ல் ஆசிரியரின் பங்கையும் சேர்த்து 34 கூற்றுகளாக அதை விரித்தார்கள். ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் சுமார் 1,900 மாணவர்களிடம் அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010-ல் வந்தது. வழிகாட்டும் செவிலியோடு மாணவிக்கு உள்ள தனிப்பட்ட உறவுதான் நிறைவைத் தீர்மானிக்கும் முதல் காரணி என்பது இந்த வரிசை ஆய்வுகளின் மையச் செய்தி. ஒரு மாணவிக்கு ஒரு பெயர், அடிக்கடி சந்திப்பு, தவறு செய்தால் தனியாக அழைத்துச் சொல்வது. இவை இருக்கும் இடத்தில் நிறைவு உயர்கிறது.

மறுக்க முடியாத முடிவுதான். ஆனால் இதைக் கேட்கும் கூற்றுகள் ஃபின்லாந்தின் ஏற்பாட்டை அடியில் வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. அங்கே வழிகாட்டி என்பவர் வார்டிலேயே பணிபுரியும் செவிலி. அவரது பணியில் கற்பித்தலும் ஒரு பகுதி. இந்தியாவில் மாணவியோடு வார்டுக்கு வருபவர் கல்லூரியின் ஆள். மாணவர் பேச்சில் சி.ஐ. (கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர்) என்றும் டியூட்டர் என்றும் வருபவர் அவரே. இந்திய செவிலியர் கவுன்சிலின் விதி பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. அந்த ஆசிரியருக்குக் கல்லூரியில் அதிகாரம் உண்டு, வார்டில் இல்லை. ஊசி போடுவதற்கு மாணவியை அனுமதிப்பதா என்பதை முடிவுசெய்பவர் வார்டு செவிலி. அவருக்கோ மாணவியின் கேர் ப்ளானோ மதிப்பெண்ணோ பொறுப்பல்ல.

அரசு செவிலியர் கல்லூரி மாணவர் க.விலக்கில் நிற்கும்போது இந்த இடைவெளி ஓரளவு குறைகிறது. கல்லூரியும் மருத்துவமனையும் ஒரே வளாகம், ஒரே அரசு. தனியார் கல்லூரி மாணவர், அனுமதி பெற்றுக் கட்டணம் செலுத்தி அதே வார்டுக்கு வரும்போது அவர் விருந்தாளி. இரு தரப்புக்கும் ஒரே வினாப்பட்டியலைக் கொடுத்து, கிடைத்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அளக்கப்படுவது வழிகாட்டியின் குணமா, மாணவரின் உரிமை நிலையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. 2023-ல் மத்திய அமைச்சரவை, 2014-க்குப் பின் வந்த மருத்துவக் கல்லூரிகளோடு சேர்த்து 157 செவிலியர் கல்லூரிகள் தொடங்க ஒப்புதல் தந்தது, தமிழ்நாட்டுக்கு 11. கல்லூரியும் மருத்துவமனையும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்ற பழைய எண்ணம் இதில் திரும்பி வருகிறது. ஒரே மதிலுக்குள் இருந்தால் உறவும் தானாக வந்துவிடும் என்பது மட்டும் இன்னும் மெய்ப்பிக்க வேண்டிய அனுமானம்.

எண்ணிக்கை வாதம்

இந்தியாவில் அதிகம் ஒலிக்கும் விடை நான்காவது. நிறைவும் உறவும் அப்புறம். முதலில் நோயாளி வேண்டும். கவுன்சிலின் விதிகளில் இந்தப் பார்வை எங்கும் பரவியிருக்கிறது. 100 படுக்கை கொண்ட சொந்த மருத்துவமனை, ஒரு மாணவருக்கு மூன்று நோயாளிகள், இணைப்பு மருத்துவமனை 15 முதல் 30 கிலோமீட்டருக்குள், மலைப்பகுதி என்றால் 50 வரை.

இந்தக் கணக்கு எங்கே இடிக்கிறது என்பதைப் பிரசவ அறை அளவுக்கு வேறெதுவும் தெளிவாகக் காட்டுவதில்லை. நீண்ட காலம் நடைமுறையில் இருந்த பட்டப்படிப்புப் பாடத்திட்டம், ஒவ்வொரு மாணவரும் 20 சுகப்பிரசவங்களைத் தாமே பார்த்துக் கேஸ் புக்கில் எழுத வேண்டும் என்றது. ஆண்டுக்கு 60 பேரைச் சேர்க்கும் ஒரே ஒரு கல்லூரிக்கு 1,200 சுகப்பிரசவங்கள். அதே பிரசவ அறையில் பட்டயப் படிப்பு மாணவர்கள் இருப்பார்கள். மருத்துவக் கல்லூரி என்றால் பயிற்சி மருத்துவர்களும் இருப்பார்கள். இன்னொரு பக்கம், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவைச் சிகிச்சை. தனியாரில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. முந்தைய ஆய்வில் மாநிலச் சராசரி 34.1-ஆக இருந்தது. கேட்கும் கைகள் கூடிக்கொண்டே போக, பார்ப்பதற்கான சுகப்பிரசவங்கள் குறைந்துகொண்டே வருகின்றன.

ஒரே பிரசவத்தை இரண்டு மூன்று பேர் தங்கள் கேஸ் புக்கில் எழுதிக்கொள்வது செவிலியர் கல்வி வட்டாரத்தில் பழைய குற்றச்சாட்டு. அதைச் செய்யும் மாணவியிடம் நிறைவுப் படிவத்தை நீட்டினால் என்ன எழுதுவார்? கேஸ் புக் நிரம்பியதில் நிம்மதி இருக்கும். அந்த நிம்மதியும் படிவத்தில் நிறைவு என்றே பதிவாகும்.

ஆண் மாணவர்களின் நிலை இன்னொரு சிக்கல். மகப்பேறுப் பாடம் அவர்களுக்கும் உண்டு, தேர்வும் உண்டு. பல பிரசவ அறைகளின் வாசல் அவர்களுக்குத் தயக்கத்தோடுதான் திறக்கிறது. தாய்மாரின் கூச்சம் மதிக்கப்பட வேண்டியதே. ஆனால் அதற்கு ஈடாக அந்த மாணவர் எங்கே கற்பது என்பதற்கு விதிப்புத்தகத்தில் தெளிவான பதில் இல்லை.

எண்ணிக்கை வாதத்தின் பலவீனம், எல்லா நோயாளியையும் ஒன்றாக எண்ணுவது. தேனிக்கு வரும் நோயாளிகளுக்கு என்று ஒரு முகம் உண்டு. விடிவதற்குள் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய் அந்தியில் திரும்பும் பெண்கள். திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிப்பவர்கள். வருசநாட்டு மலையடிவாரக் கிராமங்களிலிருந்தும் பளியர் குடியிருப்புகளிலிருந்தும் கடைசிக் கட்டத்தில் வந்து சேர்பவர்கள். பூச்சிமருந்து நஞ்சு, பாம்புக்கடி, மலைச்சாலை விபத்து போன்றவற்றில் இங்கே பயிலும் மாணவிக்குக் கிடைக்கக்கூடிய அனுபவம் பெருநகரத்துப் பல்நோக்கு மருத்துவமனையில் அரிது. 2018 மார்ச்சில் குரங்கணி மலைத் தீயில் சிக்கியவர்களை முதலில் வாங்கிக்கொண்டவை போடி, தேனி மருத்துவமனைகள்தான். நேர்மாறாக, உயர்தனி இதய அறுவைப் பிரிவு, பெரிய மனநல நிலையம் போன்றவற்றுக்கு மாணவர்களை மாவட்டத்துக்கு வெளியே அனுப்ப வேண்டியிருக்கிறது. படுக்கைக் கணக்கு இந்த இரண்டையும் பார்ப்பதில்லை.

பொம்மைகள்

நோயாளி போதவில்லை என்றால் பொம்மை என்பது ஐந்தாவது விடை. அமெரிக்காவில் செவிலியர் வாரியங்களின் தேசியக் குழு பத்துப் பயிற்சி நிறுவனங்களில் நடத்தி 2014-ல் வெளியிட்ட ஆய்வு, செய்முறை நேரத்தில் பாதிவரை உருவகப் பயிற்சிக்கு மாற்றினாலும் தேர்ச்சி குறைவதில்லை என்றது. இந்திய கவுன்சில் 2021-ல் அறிவித்த புதிய பாடத்திட்டம் அந்த அளவுக்குப் போகவில்லை. செய்முறை நேரத்தில் பத்து விழுக்காட்டோடு நிறுத்திக்கொண்டது. அமெரிக்க ஆய்வில் பொம்மைக்குப் பின்னால் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும், செய்துமுடித்த ஒவ்வொன்றையும் உட்கார்ந்து அலசும் நேரமும் இருந்தன. அலமாரியில் பூட்டிய பொம்மை கல்லூரிக்கு ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் வெளியே வருமானால், அந்த முடிவு இங்கே பொருந்தாது. கவுன்சிலின் எச்சரிக்கை இந்த வகையில் சரியென்றே தோன்றுகிறது.

வார்டுக்கு வெளியே

இதுவரை பார்த்த விடைகள் எல்லாம் வார்டுக்குள் தேடுபவை. ஆறாவது ஒன்று, மாணவியின் நிறைவோ சலிப்போ வார்டு வாசலுக்கு வருமுன்பே பாதி முடிவாகிவிடுகிறது என்கிறது. இது தனிக் கோட்பாடாக வளரவில்லை. குழு அறிக்கைகளின் பின்பக்கங்களில் சிதறிக் கிடக்கிறது. 1987-ல் அமைக்கப்பட்டு, பிறகு சரோஜினி வரதப்பன் தலைமையில் 1989-ல் அறிக்கை தந்த செவிலியருக்கான உயர்நிலைக் குழு, விடுதி, போக்குவரத்து, பாதுகாப்பு ஆகியவற்றையும் கல்வித் தரத்தோடு சேர்த்தே பார்த்தது.

தேனியில் இதற்குக் கனம் அதிகம். பள்ளத்தாக்கு நீளமானது, தேனியிலிருந்து கம்பம் மட்டும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் மூடிய மதுரை–போடி ரயில்பாதை, தேனிவரை திரும்ப வந்தது 2022 மே மாதத்தில், போடியைத் தொட்டது 2023 ஜூனில். இடைப்பட்ட காலம் முழுக்கப் பேருந்துதான். இப்போதும் காலை ஷிஃப்டுக்கு உதவுவது பெரும்பாலும் பேருந்துதான். காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வார்டுக்கு வருபவர் பத்து மணிக்கு எப்படி இருப்பார் என்பதை ஃபின்லாந்து அளவுகோலின் 34 கூற்றுகளில் எதுவும் கேட்பதில்லை. இரவுப் பணியில் பாதுகாப்பு என்பது 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட பிறகு நாடு முழுதும் பேசப்பட்டது; மாணவச் செவிலியரின் கழிப்பறை, உடைமாற்றும் அறை வரை அந்தப் பேச்சு இன்னும் சரியாக இறங்கவில்லை.

மொழியும் இதில் சேரும். பாடம் ஆங்கிலத்தில், கேஸ் ஷீட் ஆங்கிலத்தில், நோயாளி பேசுவது இந்த ஊர்த் தமிழில். எல்லை தாண்டி வந்து படிக்கும் மலையாள மாணவர்களுக்கு இது இரட்டை வேலை. “நெஞ்சு கரிக்குது”, “கிறுகிறுன்னு வருது” என்று நோயாளி சொல்வதைக் கேட்டு எழுதத் தெரிவது ஒரு திறன். அதற்கென்று மதிப்பெண் கிடையாது.

பிறகு எதிர்காலம். கேரளத்தில் 2017-ன் செவிலியர் வேலைநிறுத்தங்களைத் தொடர்ந்து, தனியார் மருத்துவமனைகளில் தொடக்க ஊதியம் 20,000 ரூபாய் என்று அந்த அரசு 2018-ல் அறிவித்தது. குமுளிச் சாவடிக்கு அந்தப் பக்கம் அப்படியொரு உத்தரவு வந்துவிட்டது என்பது, கம்பத்தில் படிக்கும் மாணவி தன் போஸ்டிங்கை எடைபோடும் தராசில் ஏதோ ஒரு தட்டில் இருக்கத்தானே செய்யும்? இந்த விடையின் பலவீனம், எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்வது. வாழ்க்கை மொத்தத்தையும் காரணம் என்றால், வார்டில் எதைத் திருத்துவது என்று சொல்ல அதனிடம் எதுவும் மிஞ்சுவதில்லை.

நிறைவு எதன் சாட்சி?

ஆறு விடைகளுக்கும் அடியில் இன்னொரு கேள்வி கிடக்கிறது. நிறைவடைந்த மாணவி நன்றாகக் கற்றவரா?

வகுப்பறை பற்றிய ஆய்வுகள் இங்கே நம்பிக்கை தருவதாக இல்லை. அமெரிக்க விமானப்படை அகாதமி மாணவர்களைத் தொடர்ந்து பார்த்த காரெல், வெஸ்ட் ஆகியோரின் 2010 ஆய்வு, அப்போதைக்கு மாணவர்களிடமிருந்து நல்ல மதிப்பெண் வாங்கிய ஆசிரியரிடம் படித்தவர்கள் அடுத்த பாடங்களில் பின்தங்குவதைக் கண்டது. உட்ல் குழுவினர் 2017-ல் பழைய ஆய்வுகளைத் திரட்டி மறுபடி கணக்கிட்டபோது, மாணவர் மதிப்பீட்டுக்கும் கற்றலுக்கும் சொல்லத்தக்க தொடர்பே தென்படவில்லை. வார்டு வகுப்பறை அல்ல என்பது உண்மை; கை நடுங்கும் மாணவிக்கு அன்பான சூழல் வகுப்பறையைவிட இங்கே அதிகம் தேவைப்படலாம். ஆகவே அந்த முடிவுகளை அப்படியே இறக்கிவிடக் கூடாது. இருந்தாலும், நிறைவின் எண்ணைக் கற்றலின் எண்ணாகப் படிப்பதற்கு ஆதாரம் போதாது. மார்லீன் க்ரேமர் 1974-லேயே எழுதியதும் நினைவுக்கு வருகிறது: பள்ளியின் மதிப்புகளை நன்றாக உள்வாங்கியவர்களுக்குத்தான் முதல் வேலையில் அதிர்ச்சி கடுமை.

இந்தியச் சூழலில் இன்னும் நடைமுறையான ஐயம் ஒன்று உண்டு. படிவத்தை நீட்டுபவர் பெரும்பாலும் அதே கல்லூரியின் ஆசிரியர். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணும் அவர் கையில்தான். பெயர் எழுத வேண்டாம் என்று சொன்னாலும், பத்துப் பேர் கொண்ட குழுவில் யாருடைய கையெழுத்து யாருடையது என்று தெரியாதா என்ன? பிரிட்டனின் செவிலியர் கவுன்சில் 2018-ல் கற்பிக்கும் செவிலியையும் மதிப்பிடும் செவிலியையும் இரண்டு ஆட்களாகப் பிரித்தது. அந்தப் பிரிவினை நிறைவை உயர்த்துகிறதோ இல்லையோ, நிறைவு பற்றி உண்மை பேசும் வாய்ப்பை உயர்த்தக்கூடும்.

தீராமல் இருப்பவை

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம் உறுதியாகச் சொல்லத்தக்கவை இரண்டு. வார்டில் தன் பெயர் தெரிந்த, தனக்கென்று பொறுப்பேற்ற ஒருவர் இருக்கும்போது மாணவியின் நிறைவு கூடுகிறது; பல நாட்டு ஆய்வுகள் இதில் ஒத்துப்போகின்றன. அந்த ஒருவர் வார்டின் ஆளாக இல்லாமல் கல்லூரியின் ஆளாக மட்டும் இருந்தால் அதே விளைவு கிடைக்குமா என்பதை, வெளிநாட்டில் செய்த அளவுகோல்களை வைத்துச் சொல்ல முடியாது.

ஆஸ்திரேலியாவின் ஃப்ளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1990-களின் இறுதியில் முயன்ற ஏற்பாடு ஒன்று இந்த இடத்தில் கவனத்துக்குரியது. ஒரு வார்டை ஒரே கல்லூரிக்கு ஒதுக்கி, அந்த வார்டின் செவிலியர்களையே ஆசிரியர்களாக்கி, கல்லூரி ஆசிரியரை அவர்களுக்குத் துணையாக நிறுத்தினார்கள். பின்னர் அமெரிக்காவின் போர்ட்லேண்டிலும் இது வேர்விட்டது. பல கல்லூரிகள் ஒரே வார்டைப் பங்குபோடும் மாவட்டத்தில் இதைச் செய்ய வேண்டுமானால், வார்டு செவிலிக்குக் கற்பித்தலுக்கான படியும் நேரமும் தர வேண்டும். இடம் கிடைக்காத கல்லூரிகளுக்கு மாற்று வழி சொல்ல வேண்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதி தரும் இப்போதைய முறையில், அந்தக் கட்டணத்தில் ஒரு பங்காவது வார்டு செவிலியைச் சென்றடையலாமா என்பது நியாயமான கேள்வி.

சமூக சுகாதாரப் பயிற்சி இந்த விவாதத்தில் ஏறத்தாழ விடுபட்டே போகிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டு வாசலிலேயே பார்க்கப்படுகின்றன. கடமலைக்குண்டு, மயிலாடும்பாறைப் பக்கக் கிராமத்தில் வீடு வீடாகப் போகும் மாணவிக்கு வார்டு இல்லை, பொறுப்புச் செவிலி இல்லை, படுக்கை எண்ணிக்கையும் இல்லை. வார்டை மனதில் வைத்து எழுதிய 34 கூற்றுகளில் எத்தனை அங்கே பொருள்படும் என்பது பார்க்கப்பட வேண்டியது.

புதிய பாடத்திட்டத்தில் செய்முறைக்கு ஒரு மதிப்பலகு என்பது 80 மணி நேரம். எட்டாவது பருவம் முழுக்க வார்டிலும் களத்திலும் உள்ளிருப்புப் பயிற்சி. மாணவி கிட்டத்தட்ட ஊழியராகவே நிற்கும் அந்த மாதங்களில், பணிப்பட்டியலில் அவர் பெயர் ஏறுமா, ஏறினால் அவர் செய்யும் பிழைக்கு யார் பதில் சொல்வது, உதவித்தொகை உண்டா என்பவை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக முடிவுசெய்துகொள்ளும் விஷயங்களாகவே இருக்கின்றன. இந்தப் பாடத்திட்டத்தில் முதலில் சேர்ந்தவர்களிடம் கேட்பதானால், தேர்வு முடிவு வந்த பிறகு, கல்லூரியைச் சேராத ஒருவர் கேட்க வேண்டும். முதல் வேலையில் ஆறு மாதம் கழிந்ததும் இன்னொரு முறை கேட்க வேண்டும். இரண்டு பதில்களுக்கும் நடுவே உள்ள தூரம், இதுவரை வந்த அளவுகோல்கள் தொடாத பகுதி.